ஒலியைக் கற்பிக்கையில் நாம் விடும் பிழைகள்

கிண்ணத்தின் வாயில் பொலித்தீனை இழுத்துக் கட்டி, மேலே நாலைந்து அரிசி மணிகளைப் போட்டு, "இப்போது கத்துங்கள்" என்போம். பிள்ளைகள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்க் கத்துவார்கள். அரிசி துள்ளும். ஆனால் அதைத் துள்ளவைத்தது குரலா, வாயிலிருந்து வந்த காற்றா? காற்றுத்தான் என்று ஐந்து வயதுப் பிள்ளை நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. தலைக்குமேல் மின்விசிறி வேறு சுழன்றால் கேட்கவே வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். அரிசிக்குப் பதில் சீனி தூவி, ஒரு சாண் தள்ளித் தாச்சியைப் பிடித்துக் கரண்டியால் ஓங்கித் தட்டுங்கள். யாரும் ஊதாமலே சீனி அசையும்.

தண்ணீர்ப் போத்தல்களில்தான் பெரியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றித் தட்டினால், தண்ணீர் கூடியது தடித்த ஒலி தரும். அதையே விதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பின்வரிசைக் குறும்பன் ஒருவன் போத்தலின் வாயில் ஊதிப் பார்ப்பான். தண்ணீர் கூடிய போத்தல் கீச்சிடும். "பிழை" என்று அவனை அடக்குவது அநியாயம். தட்டும்போது கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து அதிர்கின்றன. சுமை கூடக்கூட அதிர்வு மெதுவாகும். ஊதும்போது அதிர்வது மேலே மிஞ்சிய காற்று. அது குறுகக் குறுக அதிர்வு விரைவாகும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யவிட்டு, "எது நடுங்குகிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

யோகட் கோப்பைத் தொலைபேசியின் நூல் தொய்ந்தாலோ சுவரில் உரசினாலோ குரல் போய்ச் சேராது. இது பலருக்கும் தெரியும். ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் சின்ன அறையொன்றில் இருவரை எதிரெதிரே நிறுத்தினால் குரல் காற்றிலேயே கேட்டுவிடும். நூலுக்கு வேலையே இல்லை. ஒருவரை அடுத்த அறைக்கு அனுப்பி, கிசுகிசுக்கச் சொல்லுங்கள்.

கரையோரப் பாதையில் ரயில் ஓடுகிறதே என்று தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்க்கும் கதையைப் பிள்ளைகளிடம் எடுக்கவே கூடாது. இரும்பில் ஒலி காற்றைவிட ஏறக்குறைய 15 மடங்கு வேகமாகச் செல்வது உண்மைதான். திடப்பொருளில் ஒலி போவதைக் காட்ட நீளமான மேசை போதும்: ஒரு முனையில் காதை வைக்க, மறுமுனையில் நகத்தால் சுரண்டலாம்.

ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பிற்பகல் இடி இலவசப் பாடம். மின்னலுக்குப் பின் ஒரு செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கிடுவதுதான் வழமையான பிழை. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 செக்கன்கள் எடுக்கும். எண்ணுவதை வீட்டுக்குள் இருந்தே எண்ணுங்கள், பல்கனியில் வேண்டாம்.