கோல்போகீரஸ் என்ன தின்றது? புதைபடிவப் பல்லை ஆராய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவின் துர்கானா ஏரிக்கரையிலும் எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கிலும், ஆதி மனித இனங்களின் எலும்புகள் கிடைக்கும் அதே படிவுகளில், கோல்போகீரஸ் என்ற அழிந்துபோன பன்றியின் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதன் கடைசிக் கடைவாய்ப்பல் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் படிப்படியாக நீண்டது; பல்லின் உயரமும் கூடியது. இதைப் பார்த்தவுடன், ‘காடு குறைந்தது, புல்வெளி பெருகியது, பன்றி புல்லுக்கு மாறியது’ என்று எழுதிவிடத் தோன்றும். முழுப் பொய் அல்ல என்பதாலேயே இந்த விளக்கம் ஆபத்தானது.

பல்லின் வடிவத்தை மட்டும் வைத்து உணவைத் தீர்மானிப்பதே முதல் தவறு. இன்று ஆப்பிரிக்காவில் புல் மேயும் பன்றியான வார்ட்ஹாக்கின் பல் மிக உயரமானது; புல் பல்லைத் தேய்ப்பதால் உயரமான பல் புல்லுக்கு ஏற்றது. அதனோடு ஒப்பிட்டால் கோல்போகீரஸின் பல் குட்டையானது. எனவே அது புல்லைத் தொட்டிருக்காது என்றே எவரும் சொல்வர். ஆனால் பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் உள்ள கார்பன் ஐசோடோப்புகள், அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள், வேறு கதை சொல்கின்றன. ஒளிச்சேர்க்கையில் கார்பனைச் சேர்க்கும் முறையைப் பொறுத்துத் தாவரங்கள் சி3, சி4 எனப் பிரியும். மரங்களும் செடிகளும் பெரும்பாலும் சி3 வகைத் தாவரங்கள்; வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை, நம் சோளமும் கம்பும் கரும்பும் போல, சி4 வகை. ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டால் சி3 தாவரத்தின் கார்பன்-13 அளவு சராசரியாக ஆயிரத்துக்கு −27, சி4 தாவரத்தினது −12 அளவில் இருக்கும். விலங்கின் எனாமலில் இவை ஏறத்தாழ 13, 14 அலகுகள் கூடிப் பதிகின்றன. இப்படி அளந்தபோது, குட்டையான பல் கொண்ட கோல்போகீரஸின் உணவிலும் சி4 தாவரங்களே மிகுந்திருந்தது தெரிந்தது. உணவுப் பழக்கம் முன்னே போகிறது. பல் மெதுவாகப் பின்தொடர்கிறது.

அடுத்து, சி4 என்று கண்டதும் ‘புல்’ என்று எழுதிவிடுவது. கோரையினங்களிலும் சி4 வகை உண்டு. நம் வயல்களில் களையாக முளைக்கும் கோரைக்கிழங்கே அதற்குச் சான்று. பன்றி மேய்வதோடு நில்லாமல் மண்ணைக் கிளறித் தின்னும் விலங்கு. புல்லின் இலையைத் தின்றதா, ஈர நிலத்துக் கோரையின் கிழங்கைத் தோண்டியதா என்பதை ஐசோடோப்பு பிரித்துக் காட்டாது. ஆகவே அந்த ஒரே அளவீட்டைக் கொண்டு ‘வறண்ட சமவெளி’ என்று நிலக்காட்சியையே வரைந்துவிடுவது மிகைக்கூற்று. எனாமல் பரப்பிலுள்ள நுண்கீறல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் அவை விலங்கு சாவதற்கு முந்தைய சில நாட்கள் அல்லது வாரங்களின் உணவைத்தான் காட்டும். எனாமலின் கார்பனோ பல் உருவான மாதங்களுக்கு உரியது. இரண்டும் முரண்பட்டால் ஒன்று பொய் என்று முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் அவை விலங்கின் வாழ்வில் வெவ்வேறு காலங்களைப் பேசுகின்றன.

எந்தப் பல்லில் மாதிரி எடுக்கிறோம் என்பதில் அலட்சியம் கூடாது. முதல் கடைவாய்ப்பல் பெருமளவு குட்டி பால் குடிக்கும் பருவத்தில் உருவாவது; அதில் தாய்ப்பாலின் சாயல் கலந்திருக்கும். மூன்றாம் கடைவாய்ப்பல்லே பால் மறந்தபின் தின்றதைச் சொல்லும். எலும்பையும், எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினையும் நம்பக் கூடாது, மண்ணின் கார்பன் அவற்றில் எளிதில் ஊறிவிடும். இன்றைய வார்ட்ஹாக்கோடு ஒப்பிடும்போது, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் காற்றின் கார்பன்-13 அளவு ஆயிரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அளவில் குறைந்திருப்பதையும் ஈடுசெய்ய வேண்டும்.

ஒரே பாதையில் எல்லாப் பன்றிகளும் நடந்ததாக எண்ணுவதும் பிழை. நோட்டோகீரஸ், மெட்ரிடியோகீரஸ் ஆகியவற்றிலும் கடைசிக் கடைவாய்ப்பல் நீண்டது. ஆனால் அவை தனித்தனியாக அந்நிலையை அடைந்தவை.

பல்லின் நீளத்தை அடுக்கின் வயது காட்டும் கடிகாரமாகவும் உணவுச் சான்றாகவும் ஒருசேரப் பயன்படுத்துவதைக் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். கடிகாரமாக அது சிறப்பாகவே உதவியிருக்கிறது. துர்கானாவின் கே.பி.எஸ். எரிமலைச் சாம்பல் அடுக்குக்கு முதலில் 26 இலட்சம் ஆண்டு என்று வயது சொல்லப்பட்டது. 1972-இல் அதற்குக் கீழே கிடைத்த 1470 எண் கொண்ட ஆதி மனித இன மண்டையோடு அதனால் மிகப் பழையதாகக் கருதப்பட்டது. புதைபடிவ ஆய்வாளர் பாசில் குக் பன்றிப் பற்களை ஓமோவின் பற்களோடு ஒப்பிட்டு அந்த வயது பொருந்தவில்லை என்று காட்டினார். இன்று அந்தச் சாம்பலின் வயது ஏறத்தாழ 19 இலட்சம் ஆண்டு. ஆனால் பல் நீளமாக இருப்பதால் ஓர் அடுக்கை இளையது என்று சொல்லிவிட்டு, பிறகு இளைய அடுக்கில் பல் நீண்டிருப்பதால் உணவு மாறியது என்று வாதிட்டால், அது தன்னையே சுற்றி வரும் வாதம். உணவு மாற்றத்தைப் பேசும் ஆய்வுக்கு அடுக்கின் வயது எரிமலைச் சாம்பலிலிருந்தோ பாறையில் பதிந்த பழைய புவிக்காந்தத் திசையிலிருந்தோ தனியாகக் கிடைத்திருக்க வேண்டும்.