டீசல் வண்டியில் டிபிஎஃப் லைட் எரிகிறதா? கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

எனக்கு மட்டக்களப்புக் கல்லடியில் வீடு, பாலம் தாண்டினால் வேலை. காலையில் நாலு கிலோமீற்றர், மாலையில் நாலு. டீசல் வண்டியை இப்படி ஓட்டுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய கெடுதல் என்று மீற்றரில் டிபிஎஃப் எனும் புகை வடிகட்டியின் மஞ்சள் லைட் எரிந்த பிறகுதான் விளங்கியது. ஒரு கராஜில் காட்டினேன். "வெட்டி எடுத்திருவம், கரைச்சல் இல்ல" என்றார்கள். வெட்டினால் புகையை வடிகட்ட ஒன்றுமில்லை, அது நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில்தான் சேரும். நான் வெட்டவில்லை.

டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் இருக்கும், தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி. புகைக்கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் எஞ்சின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடேற்றி அந்தக் கரியை எரிக்கும். அதற்கு 10, 20 நிமிட ஓட்டம் வேண்டும். நாமோ எரியத் தொடங்கும்போதே வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிடுகிறோம்.

1. எஞ்சின் ஒயில் மட்டம் காட்டும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எரிப்பு பாதியில் நின்று நின்று போனால் மிச்ச டீசல் எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் மட்டம் ஏறியிருந்தால், டீசல் மணம் வந்தால், முதலில் ஒயிலை மாற்றுங்கள்.

2. நீண்ட ஓட்டம் ஓடுங்கள். பெரும்பாலும் இதோடு லைட் அணைந்துவிடும். கல்முனைப் பக்கம் போய்ப் பிரயோசனமில்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊரோடு ஊர் ஒட்டியிருக்கும், கால் பிரேக்கிலேயே இருக்கும். வாழைச்சேனை தாண்டிப் பொலன்னறுவை வீதி நல்லது, செங்கலடியில் திரும்பி மகாஓயா வீதியும் பரவாயில்லை. வேகம் 70 போதும். ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுற்று 2000க்கும் 2500க்கும் இடையில் இருக்க, அரை மணித்தியாலம் ஓடுங்கள். டாங்கியில் டீசல் கால்வாசிக்குக் குறையக் கூடாது. காலையில் போங்கள், வெலிக்கந்தைப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை வரும். இன்னொன்று, அறுவடைக் காலத்தில் வீதியோரம் கிடக்கும் வைக்கோலின் மேல் வண்டியை நிறுத்தவே வேண்டாம். அடியில் இருக்கும் சூட்டுக்கு அது பற்றிக்கொள்ளும்.

லைட் விட்டு விட்டு எரிந்தால், அல்லது எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்து வண்டி இழுக்காமல் போனால் ஓட்டிப் பார்க்காதீர்கள். கராஜுக்குப் போங்கள்.

3. இரண்டு ரப்பர் குழாய்கள். வடிகட்டியிலிருந்து அழுத்தம் அளக்கும் சென்சருக்கு மெல்லிய குழாய்கள் போகும். எஞ்சின் ஆறிய பிறகு தடவிப் பாருங்கள். வெடித்திருந்தாலோ அடைத்திருந்தாலோ சுத்தமான வடிகட்டியையும் அடைப்பு என்று காட்டலாம். குழாய்தான் மாற்ற வேண்டும், வடிகட்டி அல்ல.

4. கழற்றிக் கழுவுதல் கடைசி வழி. கரி எரியும், ஆனால் எஞ்சின் ஒயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது. அதிக தூரம் ஓடிய வண்டியில் அதுதான் அடைத்திருக்கும். இது வீட்டில் செய்கிற வேலை அல்ல. இதைச் செய்து பழகியவரிடம் கொடுத்து, புகை வெளியேறும் பக்கத்திலிருந்து உள்ளே வரும் பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் கழுவச் சொல்லுங்கள். சேர்விஸ் ஸ்டேசனில் சேறு கழுவும் தண்ணீர்க் கன்னைப் பிடித்தால் பீங்கான் உடையும். நன்றாகக் காய்ந்த பிறகே பூட்ட வேண்டும். கழுவ முன்னும் காய்ந்த பின்னும் வடிகட்டியைத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு போனது என்று தெரியும்.

பிறகு பராமரிப்பு. வண்டிப் புத்தகத்தில் சொன்ன, சாம்பல் குறைந்த ஒயிலையே ஊற்றுங்கள், பெரும்பாலும் டின்னில் ACEA C2 அல்லது C3 என்று போட்டிருக்கும். முடிந்தால் சுப்பர் டீசல் அடியுங்கள், கந்தகம் குறைவு. நான் 15 நாளைக்கு ஒருமுறை மீன் வாங்க வாழைச்சேனைக்குப் போய் வருகிறேன். கல்லடியில் மீன் இல்லையா என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.