மருந்து தெளிக்கும் விமானத்தின் இன்ஜினைப் பராமரிக்கும் முறை

பயிருக்கு மேல் 3 அல்லது 4 மீட்டர் உயரத்தில் பறந்து மருந்து தெளிக்கும் விமானத்தில் இன்ஜின் நின்றுபோனால், விமானிக்குக் கிடைப்பவை சில விநாடிகளே. உயரத்தில் பறப்பவர் சறுக்கியபடி இறங்குவதற்கு இடம் தேடலாம். இவருக்கு எதிரில் மரமும் மின்கம்பியும்தான் இருக்கும். ஆகவே, தெளிப்புப் பருவம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ஜின் வேலை எதையும் ஒத்திப்போடக் கூடாது.

பராமரிப்பை ஆயிலிலிருந்து தொடங்குவது நல்லது. முழு ஓட்ட ஃபில்டர் (ஆயில் முழுவதையும் வடிகட்டும் ஃபில்டர்) பொருத்திய, லைகாமிங் நிறுவனத்தின் பிஸ்டன் இன்ஜின்களுக்கு 50 மணி நேரப் பறத்தலுக்கு அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, இவற்றில் எது முந்துகிறதோ அதன்படி ஆயில் மாற்ற வேண்டும். வலைவடிகட்டி மட்டும் உள்ளவற்றுக்கு 25 மணி நேரமே கணக்கு. கழற்றிய ஃபில்டரை எறிந்துவிடாமல் வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் எஃகுப் பாகம் தேய்வதைக் காட்டும்; ஒட்டாத துகள் அலுமினியமாகவோ பேரிங் உலோகமாகவோ இருக்கலாம். என் அனுபவத்தில், பெரிய கோளாறுகள் பெரும்பாலும் முதலில் இங்கேதான் தலைகாட்டுகின்றன; பலர் தவிர்த்துவிடும் வேலையும் இதுவே என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

அடுத்தது காற்று ஃபில்டர். புழுதி நிறைந்த ஓடுபாதையிலிருந்து ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும் விமானத்துக்கு, வழக்கமான கால இடைவெளி போதாது. அதைத் தினமும் பார்க்க வேண்டும். கிழிந்த ஃபில்டர் வழியே நுழையும் மணல் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் அராவிவிடும். டர்பைன் இன்ஜினாக இருந்தால், மருந்தும் புழுதியும், காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் இலைகளில் படிந்து அரிப்பை உண்டாக்காதபடி, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்னவாறு கம்ப்ரசரைக் கழுவ வேண்டும்.

ஒவ்வொரு நாளும் முதல் பறத்தலுக்கு முன், எரிபொருள் தொட்டியின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து, கண்ணாடிக் குடுவையில் சிறிது பிடித்து, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, கையேடு குறிப்பிடும் சுழற்சி வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிக்க வேண்டும். ஒன்றை அணைத்ததும் வேகம் அளவுக்கு மீறிக் குறைந்தாலோ இன்ஜின் அதிர்ந்தாலோ, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருக்கலாம். வேகம் சிறிதும் குறையாவிட்டால் மகிழ்ந்துவிடக் கூடாது: அந்த மேக்னட்டோவை அணைக்க உதவும் தரையிணைப்புக் கம்பி அறுந்திருக்கக்கூடும். அப்படியானால் சாவியை அணைத்த பிறகும், புரொப்பெல்லரைக் கையால் அசைத்தாலே இன்ஜின் உயிர்பெற்று ஆளைக் கொன்றுவிடலாம்.

நூறு மணி நேரச் சோதனையில் சிலிண்டர்களின் அழுத்தத்தைத் தனித்தனியே அளந்து, முந்தைய அளவுகளோடு ஒப்பிட வேண்டும். பருவம் முடிந்து விமானம் வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால், துருத்தடுப்பு ஆயில் இட்டு வைக்க வேண்டும். நிற்கும் இன்ஜினை அவ்வப்போது தரையில் சிறிது நேரம் ஓடவிடுவது உதவாது. ஆயில் போதிய சூடு ஏறாமல், உள்ளே சேர்ந்த ஈரம் அப்படியே தங்கி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இவ்வளவு செய்தும் பறக்கும்போது இன்ஜின் தடுமாறினால், விமானி உடனே மருந்துச் சுமையை அவசர வாயில் வழியே கொட்டிவிட்டு, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, நேர் எதிரே கிடைக்கும் இடத்தில் இறங்க வேண்டும். ஓடுபாதைக்குத் திரும்ப முயன்று வளைத்தால், அந்த உயரத்தில் விமானம் தூக்குவிசையை இழந்து விழுந்துவிடும். தடுமாறிய இன்ஜின் மறுபடி சீராக ஓடினாலும், அந்த விவரத்தைப் பதிவேட்டில் எழுதி, மெக்கானிக் காரணத்தைக் கண்டுபிடித்துக் கையெழுத்திடும் வரை, தொட்டியில் மருந்து ஏற்றக் கூடாது.