பழைய டிஜிட்டல் கமெராவில் எஞ்சியிருக்கும் படங்களை மீட்டெடுக்கும் முறை

வன்னியில் டிஜிட்டல் கமெரா பரவலாகப் புழங்கத் தொடங்கியது 2002ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர்தான். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் உறவினரைப் பார்க்க வந்தவர்கள் தங்களுடைய கமெராவை இங்குள்ள தம்பிக்கோ மருமகளுக்கோ கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்படும்வரை வற்றாப்பளைப் பொங்கலும், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியும், கலியாண வீடும், சாமத்தியச் சடங்கும் அந்தக் கமெராக்களில் பதிவாகின. பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் வீடுகளோடு அல்பங்களும் போய்விட்டன. ஆயினும் உடுப்புப் பைக்குள் கொண்டு செல்லப்பட்ட சில கமெராக்களும் நினைவட்டைகளும் தப்பியிருக்கின்றன. ஆகவே, அலுமாரியிலோ றங்குப்பெட்டியிலோ இயங்காமல் கிடக்கும் பழைய கமெராவைக் குப்பை என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம். கமெரா பழுதடைந்திருந்தாலும் அதற்குள் இருக்கும் அட்டை பெரும்பாலும் பழுதடைவதில்லை.

முதலில் செய்ய வேண்டியது, ஒன்றையும் செய்யாமல் இருப்பதுதான். புதிய பற்றரியைப் போட்டு, கமெரா இயங்குகிறதா என்று பார்க்கவே எல்லோருடைய கையும் போகும். நான் அதை இறுதிக் கட்டமாகவே வைத்துக்கொள்வேன். இயங்கத் தொடங்கும் கமெரா அட்டையில் எதையேனும் எழுத முயலலாம். திரையில் அட்டையைத் துப்புரவாக்கும்படி கேட்கும் கேள்விக்கு விளங்காமலே “ஆம்” என்று அழுத்திவிடவும் கூடும். எனவே, கமெராவின் அடிப்பக்கத்திலோ வலப்பக்கத்திலோ உள்ள சிறு கதவைத் திறந்து அட்டையை வெளியே எடுங்கள். பெரும்பாலானவை மெல்ல உள்ளே அழுத்தினால் தாமாக வெளியே வரும். வராவிட்டால் இடுக்கியால் இழுக்காதீர்கள்.

அடுத்து, எடுத்தது எந்த வகை அட்டை என்று அறிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் எஸ்டி அட்டை 1999இல் அறிமுகமானது. பழைய எஸ்டி அட்டையை, அட்டைத் துளை உள்ள இன்றைய மடிக்கணினியும் தடையின்றி வாசிக்கும். தடித்த சதுரமாக, ஒரு விளிம்பில் இரண்டு வரிசைத் துளைகளோடு இருப்பது கொம்பாக்ட் பிளாஷ். நீண்டு ஒடுங்கி, சுவிங்கம் துண்டின் வடிவில் இருப்பது சொனியின் மெமரி ஸ்டிக். விரல் நகத்தை விடச் சற்றே பெரிதாக இருப்பது, ஒலிம்பஸும் புஜிபிலிமும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்டி. மிக மெல்லியதாக, ஒரு மில்லிமீற்றரும் தடிப்பில்லாமல், ஒரு பக்கத்தில் பெரிய பொன்னிறத் தகட்டோடு இருப்பது ஸ்மார்ட் மீடியா. இதில் 128 எம்பிக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள அட்டை வெளிவரவேயில்லை. அந்தப் பொன்னிறத் தகட்டை விரலால் தொடக் கூடாது, அட்டையை வளைக்கவும் கூடாது. 1997இல் வெளியான சொனி மாவிக்கா வகையைச் சேர்ந்த கமெராவாயின் அட்டையே இருக்காது: படங்கள் 1.44 எம்பி பிளொப்பித் தட்டில் பதிவாகியிருக்கும்.

எஸ்டி அட்டைக்கும் மெமரி ஸ்டிக்குக்கும் எழுதுவதைத் தடுக்கும் சிறு தாழ்ப்பாள் உண்டு. அதைப் பூட்டிய நிலைக்குத் தள்ளிவிட்டே கணினியில் இடுங்கள். எக்ஸ்டிக்கும் கொம்பாக்ட் பிளாஷுக்கும் அத்தகைய பாதுகாப்பு இல்லாதபடியால் கூடுதல் கவனம் வேண்டும். கணினி அட்டையை அடையாளம் காணாமல், “இதைப் பயன்படுத்துவதற்கு முன் வடிவமைக்க (போர்மற் செய்ய) வேண்டும்” என்று கேட்டால், எந்த நிலையிலும் சம்மதம் கொடுக்காதீர்கள். ஸ்மார்ட் மீடியா அட்டையைக் கணினியில் வடிவமைத்தால் படங்கள் போவதோடு, கமெராவும் அதன் பின்னர் அந்த அட்டையை ஏற்க மறுக்கலாம்.

எக்ஸ்டியையும் ஸ்மார்ட் மீடியாவையும் வாசிக்கும் கருவி இப்போது புதிதாகக் கடையில் கிடைப்பது அரிது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நெடுங்காலமாக இயங்கும் ஸ்ரூடியோக்களில், எல்லா வகை அட்டைகளையும் வாசிக்கும் பழைய கருவி ஒரு மூலையில் கிடக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு வழியும் உண்டு. அக்காலத்துப் படம் அச்சிடும் பிரிண்டர்கள் பலவற்றின் முன்பக்கத்தில் இவ்வகை அட்டைகளுக்கான துளைகள் இருந்தன. மை வற்றிப்போய் ஒதுக்கப்பட்ட பிரிண்டரைக் கூட யுஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து அட்டையை வாசிக்க முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து யாரேனும் வருவதாயின், அங்கே பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் ஒரு வாசிப்பானை வாங்கி வரச் சொல்வதும் பெரிய செலவில்லாத வழியாகும்.

வாசிப்பான் எவ்வகையிலும் கிடைக்காதபோதும், கொடக் ஈசிஷெயார் போன்று உள்ளேயே சிறு நினைவகம் கொண்ட கமெராவாக இருக்கும்போதும், கமெராவை இயக்கியே ஆக வேண்டும். அந்த உள் நினைவகத்தை உரிமையாளர்கள் பலர் அறியாமலே விட்டிருக்கிறார்கள். அட்டையைக் கழற்றிய பின்னர் கமெராவை இயக்கிப் படம் பார்க்கும் நிலைக்கு மாற்றினால், அட்டை வாங்குவதற்கு முன் எடுக்கப்பட்ட முதல் பத்து இருபது படங்கள் அங்கே இருக்கக் காணலாம். பெரும்பாலும் கமெரா வீட்டுக்கு வந்த அன்றே, வீட்டில் இருந்த எல்லோரையும் நிற்க வைத்து எடுத்த படங்களாக அவை இருக்கும்.

இயக்குவதற்கு முன் பற்றரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய அல்கலைன் பற்றரிகள் கசிந்து, தொடுகைத் தகடுகளில் வெள்ளையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ படிந்திருக்கும். அது தோலை அரிக்கும் காரப்பொருள். கையுறை அணிந்து, உலர்ந்த பழைய பல்துலக்கியால் முதலில் தட்டி உதிர்த்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் இரண்டு துளி வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் தகட்டை மட்டும் துடையுங்கள். பின்னர் மருந்துக்கடையில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து, ஒரு நாள் முழுவதும் நிழலில் உலர விடுங்கள். கமெராவின் உடலைத் திருப்புளியால் திறக்க முயல வேண்டாம்: பிளாஷுக்கு மின்னைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவி ஏறத்தாழ 300 வோல்ற்று வரை தாங்கியிருக்கும், பற்றரியைக் கழற்றிய பின்னரும் அதில் மின் எஞ்சியிருக்கலாம்.

பற்றரி விடயத்தில் அக்காலத்து உரிமையாளர்களின் அனுபவம் நமக்கு இன்றும் பயன்படுகிறது. பென்ரோர்ச் பற்றரியில் இயங்கும் கமெராக்கள் மிகுந்த பசி கொண்டவை. மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில், ஜெனரேற்றர் ஓடும் சில மணித்தியாலத்திலும் சோலர் தகட்டிலும் பற்றரியை மின்னேற்றியவர்கள், பின்பக்கத் திரையை அணைத்துவிட்டு மேலே உள்ள சிறு கண்ணாடித் துளையினூடாகப் பார்த்தே படம் எடுத்தார்கள். திரைதான் மின்னைக் கூடுதலாகக் குடித்தது. ரோர்ச் லைற்றுக்கு வாங்கும் மலிவான பற்றரியை இதில் இட்டால், லென்ஸ் வெளியே நீண்டவுடன் மின் தீர்ந்து, லென்ஸ் பாதியிலேயே நின்றுவிடும். மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரிகளையே, அவையும் முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில், இடுங்கள். மாவிக்காக்கள் பலவற்றின் பற்றரி இன்று கலியாண வீடியோ லைற்றுகளில் மாட்டப்படும் அதே வகையைச் சேர்ந்தது. வீடியோ எடுப்பவரிடம் இரவல் கேட்டால் கிடைக்கும்.

இயங்கிய கமெராவில் கறுப்புத் திரையோ ஊதா நிறக் கோடுகளோ தெரிந்தால் மனம் தளர வேண்டாம். 2002க்கும் 2004க்கும் இடையில் தயாரான பல நிறுவனங்களின் கமெராக்களில், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் ஒளியைப் படமாக்கும் உணரியின் உள்வயர் விட்டுப்போகும் குறைபாடு இருந்தது. 2005இல் அந்த நிறுவனங்களே இதனை அறிவித்தன. கோடையில் தகரக் கூரையின் கீழும் மாரியில் ஈரச் சுவரோரமும் இருந்த கமெராவுக்கு இது நேர்ந்திருந்தால் வியப்பில்லை. ஆனால் இந்தப் பழுது புதிய படம் எடுப்பதை மட்டுமே கெடுக்கும். முன்னர் எடுத்த படங்களை அது தொடுவதில்லை.

அட்டை கணினியில் திறந்ததும், டிசிஐஎம் என்னும் கோப்புறையை முழுமையாகக் கணினிக்குப் பிரதி செய்யுங்கள். அட்டையில் வைத்துப் படங்களைத் திருப்பவோ பெயர் மாற்றவோ வேண்டாம். அட்டை வெறுமையாகத் தெரிந்தாலும் கைவிட வேண்டியதில்லை. ஒரு படத்தை அழிக்கும்போது பட்டியலில் உள்ள அதன் குறிப்பு மட்டுமே நீங்குகிறது; அந்த இடத்தில் வேறு படம் எழுதப்படும்வரை பழைய படம் அங்கேயே கிடக்கிறது. போட்டோரெக் என்னும் இலவச மென்பொருள் அட்டையை வாசிக்க மட்டுமே செய்து அத்தகைய படங்களைத் தேடி எடுத்துத் தருகிறது. மீட்ட படங்களை அதே அட்டையில் அல்லாமல் கணினியிலேயே சேமிக்க வேண்டும். அட்டையின் தொடர்பு இடையிடையே அறுந்துபோனால், முதலில் அட்டை முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்துவிட்டு அந்தப் பிரதியின் மீது தேடுவதே சரியான முறை.

படங்கள் கைக்கு வந்த பின்னர் வரும் வேலை திகதி கண்டறிவது. கோப்புக்குள் பதிவான திகதியை அப்படியே நம்ப முடியாது. பற்றரி தீர்ந்தால் கமெராவின் கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். ஒலிம்பஸ் கமெராக்களில் கோப்பின் பெயரிலேயே மாதமும் நாளும் உண்டு: பி4140012 என்றால் ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். ஆனால் எல்லாப் படங்களும் பி101 என்று தொடங்கினால், அவை ஜனவரி முதலாம் திகதி எடுக்கப்பட்டவை என்று கொள்ளாமல், கடிகாரம் சரிசெய்யப்படவில்லை என்றே கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் எடுத்த படத்தில் காலை ஆறரை மணி என்று பதிவாகியிருந்தால் கமெரா இலண்டன் நேரத்தில் ஓடியிருக்கிறது. அரை மணித்தியால வேறுபாட்டுக்கு நம்மிடம் தனிக் காரணமும் உண்டு: அரசாங்கம் 1996இல் நேரத்தை முன்நகர்த்தி 2006 ஏப்ரலில் மீண்டும் பழையபடி மாற்றியது, வன்னியிலோ அந்த ஆண்டுகள் முழுவதும் பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. கொழும்பில் சரிசெய்யப்பட்ட கமெரா இங்கு அரை மணித்தியாலம் கூடுதலாகவே காட்டும். இயந்திரம் சொல்லாததைப் படத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். பாடசாலைச் சீருடையின் ரையையும், பின்னால் நிற்கும் மதிலையும், தென்னம்பிள்ளையின் உயரத்தையும் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடும் அம்மம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை, சொல்பவரின் பெயரோடு உடனே எழுதி வையுங்கள்.

அச்சிடுவதில் அளவறிந்து நடக்க வேண்டும். 640க்கு 480 புள்ளிகள் கொண்ட படம் ஏறத்தாழ நான்கு அங்குல அகலத்துக்குள் நன்றாக இருக்கும். 1600க்கு 1200 கொண்டது ஐந்து அங்குலத்துக்கு மேலும் தாங்கும். இறந்துபோனவரின் படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் வைக்க விரும்புவோர், பெரிதாக்கித் தெளிவாக்கித் தரும் மென்பொருள்களை நாடுகிறார்கள். அந்த மென்பொருள்கள் இல்லாத விபரத்தைத் தாமாக ஊகித்து நிரப்புகின்றன. கண்ணின் வடிவமும் பல்வரிசையும் வேறொருவருடையதாக மாறிவிடும். தெளிவில்லாவிட்டாலும் அது அவருடைய முகம் என்பதால், சிறிய அளவில் அச்சிட்டு அகலமான வெள்ளை ஓரத்தோடு சட்டமிடுவதையே நான் வற்புறுத்துவேன். பெரிதாக்கியே ஆக வேண்டுமாயின் மூலக் கோப்பை மாற்றாமல் தனியே வைத்திருங்கள்.

பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் ஒரு பென் ட்ரைவிலும், வேறு ஊரிலுள்ள உறவினரிடம் ஒன்றிலும், வெளிநாட்டில் இருப்பவரின் கணினியில் ஒன்றிலும் இருக்கட்டும். அக்காலத்தில் ஸ்ரூடியோக்கள் எழுதிக் கொடுத்த சிடிக்களும் வெப்பத்தில் கெட்டுக்கொண்டிருப்பதால், அவற்றையும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே பிரதி செய்துகொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதாயின் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, கோப்புக்குள் இருந்த திகதியும் நீங்கிவிடும். பெற்றுக்கொண்டவரிடம் கோப்பின் அளவைக் கேட்டு உங்களிடமுள்ளதோடு ஒப்பிட்ட பின்னரே அட்டையைக் கமெராவுக்குள் திரும்ப வையுங்கள். பற்றரியை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள்.