கியூபெக் போறீங்களா? பெட்டி கட்டறதுக்கு முன்னாடி இதப் படிங்க

டொராண்டோ சொந்தக்காரங்க சொன்னத மட்டும் நம்பி கனடாவோட கியூபெக் மாகாணத்துல இருக்கற மாண்ட்ரியலுக்குக் கிளம்பிடாதீங்க, அங்க கதையே வேற. கனடா முழுக்கப் பார்த்தா பிரெஞ்சு பேசறவங்க சிறுபான்மை, கியூபெக்குக்குள்ள அவங்கதான் பெரும்பான்மை, அதனால வெளிய இருந்து வர்றவங்க பிள்ளைங்க எந்த மொழிப் பக்கம் சாயறாங்கங்கிறது அவங்களுக்கு வாழ்வா சாவா விஷயம். 1969-ல இத்தாலிக்காரங்க பிள்ளைங்க இங்கிலீஷ்ல படிக்கிற விவகாரத்துல மாண்ட்ரியல் பக்கம் செயின்ட் லியோனார்ட்ல அடிதடியே நடந்துச்சு, 1977-ல பிரெஞ்சுக்கு முதலிடம் குடுக்கற மொழிச் சட்டம் 101 வந்துடுச்சு.

அதனால முதல்ல ஸ்கூல பாருங்க. அரசு ஸ்கூல்னா பிள்ளைங்க பிரெஞ்சுலதான் படிக்கணும். அம்மா அப்பால ஒருத்தர் கனடாவுலயே இங்கிலீஷ்ல தொடக்கக்கல்வி படிச்சிருந்தா விலக்கு உண்டு, சென்னை கான்வென்ட் டிசி எல்லாம் செல்லாது. ஒர்க் பர்மிட்ல போறவங்க தற்காலிகமா இங்கிலீஷ் ஸ்கூல் கேக்கலாம், ஆனா 101-ஐ இன்னும் இறுக்கின 2022 சட்டம் 96-க்கு அப்புறம் அது மூணு வருஷம்தான். அங்கயே தங்கற ஐடியா இருந்தா அந்தச் சலுகைய வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன், எட்டாவதுல திடீர்னு மொழி மாத்தினா பாவம் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

அடுத்து உங்க பிரெஞ்சு. வந்து ஆறு மாசம் ஆனா அரசு ஆபீஸ் கடிதமெல்லாம் பிரெஞ்சுலதான், ஆஸ்பத்திரி மாதிரி சிலதுக்கு விலக்கு இருக்கு. பிரான்சிசாசியோன் கெபெக்னு 2023-ல ஆரம்பிச்ச அரசு அமைப்பு இலவச வகுப்பு நடத்துது, இறங்கினதுமே பதிஞ்சுடுங்க, ஏன்னா 2024-ல காசு இல்லன்னு நிறைய வகுப்ப மூடிட்டாங்க. மொழிய கத்துக்கோன்னு கேக்கறது நியாயம், கேட்டுட்டு கிளாஸ மூடறது என்ன நியாயம்?

ஸ்கில்டு ஒர்க்கரா நிரந்தரமா தங்க அப்ளை பண்றவங்களுக்கு 2020-லருந்து 'கியூபெக் விழுமியங்கள்' டெஸ்ட் ஒண்ணும் இருக்கு, ஆன்லைன்ல 20 கேள்வி, 75% வாங்கணும். பயப்பட ஒண்ணுமில்ல. ஆணும் பெண்ணும், ரெண்டு ஆண், ரெண்டு பெண்ணுன்னு படம் போட்டு இதுல யாரெல்லாம் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேக்கற மாதிரிதான் மாதிரிக் கேள்வி வந்துச்சு. மூணு ஜோடியும்னு டிக் பண்ணணும், அவ்ளோதான், உங்க மனசுல என்ன இருக்குன்னு யாரும் தோண்டப் போறதில்ல.

அரசு ஸ்கூல் டீச்சர், போலீஸ் வேலைக்குப் போறவங்க நிதானமா யோசிங்க. 2019 சட்டம் 21 படி வேலை நேரத்துல மத அடையாளம் போடக்கூடாது, ஹிஜாப், டர்பன், சிலுவை எதுவும். நகைகூட அந்த வரையறைக்குள்ள வருது, அதனால தாலி, ருத்ராட்சம் பத்தி சேரறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. இதுல ஒரு கூத்து, 1936-லருந்து கியூபெக் சட்டமன்றத்துலயே ஒரு சிலுவை தொங்கிட்டு இருந்துச்சு, அது மதம் இல்ல பாரம்பரியம்னு ரொம்ப நாள் சாதிச்சாங்க, 2019 ஜூலைலதான் கழட்டினாங்க. பெரும்பான்மை தன் மொழிய காப்பாத்தறது எனக்குப் புரியுது, ஆனா தலையில கட்டற துணி வரைக்கும் கை நீளும்போது அது வேற கணக்கு.

கடை போடறவங்களுக்கு ஒண்ணு, போர்டுல தமிழ் இருக்கலாம், ஆனா 2025 ஜூன் 1-லருந்து பிரெஞ்சு எழுத்துக்கு மத்த மொழியவிட ரெண்டு மடங்கு இடம் வேணும், போர்டு அடிக்கக் குடுக்கும்போதே அளவ சொல்லிடுங்க.