ஆபத்து மிகுந்த நோயாளிக்குக் கால் பைபாஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தநாள அறுவைப் பிரிவில் புதிதாகச் சேருபவர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. நாடி பார்க்க மறப்பது, புகைப்பழக்கத்தைக் கேட்காமல் விடுவது போன்றவற்றை முதல் மாதத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடலாம். இங்கே பேசுவது சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதயநோய் எல்லாம் சேர்ந்து, கால்விரலும் கறுத்து வந்து நிற்கும் நோயாளியைப் பற்றி. அவருடைய பைபாஸ் (அடைபட்ட தமனியைத் தாண்டி ரத்தம் ஓட, பெரும்பாலும் அவருடைய சிரையைக் கொண்டே போடும் மாற்றுப் பாதை) எப்படி முடியும் என்பதில் பெரும்பகுதி, கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

கணுக்கால் அழுத்தத்தை நம்பி உட்கார்வது

கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் 1.1 என்று வந்தால், 'ரத்த ஓட்டம் நார்மல்' என்று எழுதிவிடுகிறார்கள். சர்க்கரை, டயாலிசிஸ் நோயாளிகளின் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகியிருக்கும். கஃப் அழுத்தினாலும் தமனி எளிதில் நசுங்காது, அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். 1.4-ஐத் தாண்டினால் எவருக்கும் சந்தேகம் வரும். ஏமாற்றுவது நார்மல் போலத் தெரியும் 1.0-உம் 1.1-உம்தான். கால் கட்டைவிரலின் அழுத்தத்தை எடுங்கள். விரல் தமனிகளில் இந்தப் படிவு குறைவு. அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால், ரத்த ஓட்டத்தைச் சீர்செய்யாமல் புண் ஆறும் என்று காத்திருக்கக் கூடாது.

சிரையை அறுவை மேசையில் தேடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பார்த்தவுடன் எரிச்சல் மூட்டும் தவறு இது. தமனியின் ஆஞ்சியோவுக்கு மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். அந்தத் தமனியில் எதைக் கொண்டு பைபாஸ் போடப்போகிறோம் என்று முந்தைய நாள் வரை யாரும் கேட்பதில்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். டயாலிசிஸ் முடிந்து, உடலில் இருந்து இரண்டு மூன்று லிட்டர் நீர் வெளியேறிய நிலையில், நோயாளியை ஏசி அறைக்கு அழைத்து வந்து மல்லாக்கப் படுக்கவைத்து டாப்ளர் (ரத்தநாளத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) பார்க்கிறார்கள். கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை தோலடியில் ஓடும் பெரிய ஸஃபீனஸ் சிரை சுருங்கி 2 மி.மீ. காட்டுகிறது. 'தகுந்த சிரை இல்லை' என்று ரிப்போர்ட் வருகிறது. அதை நம்பி முழங்காலுக்குக் கீழே செயற்கைக் குழாய் வைக்கிறார்கள். சில மாதங்களில் அது திடீரென அடைபடுகிறது. பல நேரம் அதற்குக் கீழிருக்கும் தமனியையும் உறைகட்டி அடைத்துவிடுகிறது. தொற்று வந்துவிட்டால் குழாயை எடுத்தாக வேண்டும். கால் போகிறது. அதே சிரையை மறுநாள் சரியாக அளந்திருந்தால் 3 மி.மீ.க்கு மேல் காட்டியிருக்கும்.

சரியாக அளப்பது கடினமில்லை. டயாலிசிஸ் முடிந்த கையோடு பார்க்காதீர்கள். அறை வெதுவெதுப்பாக இருக்கட்டும். நோயாளி நிற்கட்டும், முடியாவிட்டால் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, ப்ரோபைத் தோலில் பட்டும் படாமலும் பிடியுங்கள். கையின் கனமே சிரையை நசுக்கிவிடும். தொடை இடுக்கு, நடுத்தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால் என ஐந்து இடத்திலும் உள்விட்டத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் லேசாக அழுத்திப் பாருங்கள்: முழுதாக அமுங்காத சிரையில் பழைய உறைகட்டியோ தடித்த சுவரோ இருக்கும். 3 மி.மீ. இருந்தால் எடுக்கலாம், 3.5 இருந்தால் நிம்மதி. 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டதை இன்னொரு நாள் மறுபடி அளக்காமல் நிராகரிக்கக் கூடாது.

பிறகு சிரையின் தடத்தை அழியாத மார்க்கரால் தோலிலேயே வரையுங்கள். கோட்டின் மேலேயே கீறினால் தோலைப் பெரிதாகப் பிரித்துத் தேட வேண்டியதில்லை. அப்படிப் பிரித்த தோலின் விளிம்புதான் சர்க்கரை நோயாளிக்குக் கறுத்து, புண்ணாகி, கிராஃப்ட் (பைபாஸாக வைத்த சிரை) வரை தொற்றைக் கொண்டுபோகும்.

இதய பைபாஸுக்கு ஒரு காலின் சிரையை ஏற்கெனவே எடுத்திருந்தால் மறுகால், கெண்டைக்காலின் பின்புறமுள்ள சிறிய ஸஃபீனஸ், கைச் சிரை என்று வரிசையாகப் பாருங்கள். கைச் சிரையைத் தொடும் முன் சிறுநீரக மருத்துவரிடம் கேட்க வேண்டும். டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவுக்கும் (டயாலிசிஸ் ஊசி போடக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) அதுதான் தேவை. நோயாளி வார்டில் சேர்ந்த அன்றே, எந்தக் கையில் ஊசி போடக் கூடாது என்று கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதுங்கள். ஒரு கேனுலா போதும், நல்ல சிரை கெட்டுப்போக.

எடுத்த சிரையைச் சிரிஞ்சால் பலமாக ஊதிச் சோதிப்பதும் இதே தவறின் தொடர்ச்சி. கையால் வேகமாக அழுத்தினால் உள்ளே 300 மி.மீ. பாதரசத்துக்கு மேல் அழுத்தம் ஏறும், உள்படலம் உரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த திரவத்தை மெதுவாகச் செலுத்தி, கசிவு தெரியும் அளவுக்கு மட்டும் விரியவையுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல ஒற்றை ஸஃபீனஸ் சிரை இருந்தவர்களில் முதலில் பைபாஸ் செய்யப்பட்ட பிரிவில் 42.6 சதவீதத்தினருக்கும், முதலில் பலூன், ஸ்டென்ட் சிகிச்சை பெற்ற பிரிவில் 57.4 சதவீதத்தினருக்கும் காலில் பெரும் பாதிப்போ மரணமோ நேர்ந்தது. அப்படிப்பட்ட சிரை இல்லாதவர்களிடம் இந்த வித்தியாசம் தெளிவாக இல்லை. 2023-இன் பாசில்-2 ஆய்வு வேறு கதை சொன்னது: முழங்காலுக்குக் கீழ்த் தமனிகளிலும் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் சிரை பைபாஸ் பிரிவில் 63 சதவீதத்தினரும், பலூன் பிரிவில் 53 சதவீதத்தினரும் பெரிய அளவில் காலை இழந்தார்கள் அல்லது இறந்தார்கள். வித்தியாசத்தின் பெரும்பகுதி மரணங்களால் வந்தது. ஆகவே நல்ல சிரை இருப்பதாலேயே எல்லோரையும் மேசைக்கு ஏற்றிவிடவும் முடியாது.

ஆபத்தைக் கூட்டிப் பார்க்காமல் சம்மதம் வாங்குவது

கால் பைபாஸின் ஆபத்தைக் கணக்கிடும் ப்ரிவென்ட்-3 மதிப்பெண்ணை வார்டிலேயே மனக்கணக்காகப் போடலாம். டயாலிசிஸுக்கு 4, புண் அல்லது திசு அழுகலுக்கு 3, வயது 75-ஐ எட்டியிருந்தால் 2, ஹீமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2, இதயத் தமனி நோய்க்கு 1. மூன்று வரை குறைந்த ஆபத்து. எட்டைத் தொட்டால், ஓராண்டு கழித்துக் காலோடு உயிருடன் இருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. டயாலிசிஸில் இருக்கும், கால் புண்ணும் இதயநோயும் உள்ளவர் அங்கேயே எட்டை எட்டிவிடுகிறார். குடும்பத்திடம் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

பீட்டா பிளாக்கரை அறுவை நாளில் தொடங்குவது

இதயத் துடிப்பைக் குறைக்கும் இந்த மருந்தை அன்று தொடங்காதீர்கள்: 2008-இன் பாய்ஸ் ஆய்வில் மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் மரணமும் கூடின.

மறுகாலின் குதிகாலை மறப்பது

அழுத்தப் புண் வராதிருக்க, முதல் நாளிலிருந்தே அதைப் படுக்கையில் படாமல் தூக்கி வையுங்கள்.

நாடி துடிக்கிறது என்று அனுப்பிவிடுவது

சிரை கிராஃப்ட்டின் குறுகல் பெரும்பாலும் முதல் ஆண்டில்தான் வரும், வலியில்லாமல் வரும். அடைபடும் முன் கண்டுபிடித்தால் பலூனாலோ சிறு திருத்தத்தாலோ காப்பாற்றலாம். அடைபட்ட பிறகு அதே கிராஃப்ட்டை நெடுநாள் ஓடவைப்பது அரிது. ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் டாப்ளர் தேவை. குறுகலில் ரத்த ஓட்டத்தின் வேகம் வினாடிக்கு 300 செ.மீ.யைத் தாண்டினாலும், கிராஃப்ட்டின் உள்ளே 45 செ.மீ.க்குக் கீழே இறங்கினாலும் அடுத்த முறைக்குத் தள்ளிப்போடாதீர்கள். பார்க்க வேண்டிய நான்கு தேதிகளையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி, டயாலிசிஸ் நாட்களோடு மோதாமல் குறித்துக் கொடுங்கள். மோதினால் நோயாளி டயாலிசிஸுக்குத்தான் போவார், டாப்ளருக்கு வரமாட்டார்.