ஆப்பிள் பங்கைப் பற்றி வாதாடும்போது செய்யக் கூடாதவை

சந்தைக்குப் புதிதாக வருபவர்களோடு உட்கார்ந்து காலாண்டு முடிவுகளைப் படிப்பது என் வழக்கம். நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். கடன் வாங்கிப் போடாதே, டிப்ஸ் நம்பாதே என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

ஈ.பி.எஸ். ஏறினால் லாபம் ஏறியதாக நினைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அண்மையில் ஒரு தம்பி, "ஆப்பிள் லாபம் குறையவே இல்லைண்ணா. 2022-இல் 6.11, 2023-இல் 6.13" என்று அடித்துப் பேசினார். அது ஈ.பி.எஸ்., அதாவது பங்கு ஒன்றுக்கான லாபம், டாலரில். அதற்கு மேலே உள்ள வரியைப் படிக்கச் சொன்னேன். நிகர லாபம் 9,980 கோடி டாலரிலிருந்து 9,700 கோடியாக இறங்கியிருந்தது. விற்பனையும் குறைவுதான். அப்புறம் எப்படி ஈ.பி.எஸ். ஏறியது? கீழே பங்குகளின் எண்ணிக்கை இருந்தது: சுமார் 1,633 கோடி, 1,581 கோடியாகியிருந்தது. அந்த ஓராண்டில் 7,700 கோடி டாலருக்கு மேல் கொட்டி, கம்பெனி தன் பங்குகளையே திரும்ப வாங்கியிருந்தது. வகுக்கிற எண் குறைந்தால் விடை கூடத்தானே செய்யும்?

இப்படித் திரும்ப வாங்குவது (பைபேக்) தப்பில்லை. கம்பெனியில் உங்கள் பங்கின் உரிமை உண்மையிலேயே கூடுகிறது. ஆனால் அதை ஐபோன் விற்று வந்த வளர்ச்சி என்று நம்பி விலை கொடுத்தால் பணம் கரையும். பங்கு விலை ஏற ஏற, அதே பணத்துக்குக் குறைவான பங்குகளே கிடைக்கும். 2023-இல் ஆப்பிள் பங்கு 48% ஏறியது. லாபம் ஏறாமல் விலை மட்டும் ஏறியது என்றால், அதே ஒரு டாலர் லாபத்துக்குச் சந்தை கூடுதல் விலை கொடுத்திருக்கிறது. அது தாங்குமா என்பதைப் பற்றி வாதாடுங்கள்.

ஒருமுறைச் செலவை மறப்பது

2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால், அயர்லாந்துக்குப் பழைய வரி கட்ட வேண்டி வந்து, சுமார் 1,020 கோடி டாலர் ஒரே காலாண்டில் ஆப்பிள் கணக்கில் செலவாக ஏறியது. ஈ.பி.எஸ். 0.97 ஆனது. அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 1.85. இரு மடங்கு வளர்ச்சி என்று குதிக்க வேண்டாம். அந்தச் செலவை நீக்கினால் முந்தைய எண் 1.64, வளர்ச்சி 13% மட்டுமே.

டிசம்பரை மார்ச்சோடு ஒப்பிடுவது

வேண்டாம். புது ஐபோன் விற்பனை டிசம்பர் காலாண்டில்தான் குவியும்.

நல்ல கம்பெனி என்று எந்த விலைக்கும் வாங்குவது

மைக்ரோசாஃப்ட் பங்கு 1999 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2016-இல்தான் தாண்டியது. 2000 நிதியாண்டோடு பார்த்தால், 2014-இலேயே லாபம் இரு மடங்குக்கு மேல் போயிருந்தது; பங்கு விலை மட்டும் அப்போதும் பழைய உச்சத்துக்கு வரவில்லை.